குற்றாலத்தில் கேட்ட டச்சு வசனம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தென்காசியில் இறங்கினேன். மேற்கே மலை இருக்க வேண்டிய இடமெல்லாம் மேகமாக இருந்தது. குற்றாலத்துத் திரைப்பட மன்றம் ஒன்று இரண்டு நாள் டச்சுப் படங்களைத் திரையிட்டது. போர், குற்றம், மனச்சாட்சி ஆகியவையே அவற்றின் பொருள். நிறைவுரை ஆற்ற மதுரையிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். பட்டிமன்றத்தில் எந்த அணியில் நிறுத்தினாலும் வெல்பவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அதை மறைத்துப் பழக்கமில்லை.

அழைத்துப்போக வந்தவர் லிங்கம் அண்ணாச்சி. மன்றத்தின் பொருளாளர்; அச்சன்புதூரில் வயலும் உரக்கடையும் உள்ளவர்.

“பைக்ல உக்காருவியளா தம்பி? கார் ஸ்டேஷன்ல கிடக்கு.”

“நாம் ஸ்டேஷனில்தானே நிற்கிறோம் அண்ணாச்சி?”

“இது ரயிலு ஸ்டேஷன்லா. நான் சொல்லுதது போலீஸ் ஸ்டேஷன்.” சிரிப்பு பாதியில் நின்றது. “புளியறைகிட்ட ஒரு ஆள் மேல மோதிட்டு. ஆள் தப்பல. என் கூடப்பொறந்த எளையவன்தான்... டிரைவர்தான் ஓட்டிட்டு வந்தான். ஜெயில்ல கிடக்கான், பாவம். நான் பின்னால தூங்கிட்டேன்.”

குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். சாரலில் நனைந்தபடி போனோம்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தில் படம் தொடங்கியது. ஜெர்மானியர் பிடியிலிருந்த ஒரு கால்வாய்க்கரை ஊர். ஒளிந்திருந்த ஒரு குடும்பத்தை ரொட்டிக் கடைக்காரனின் தம்பி காட்டிக் கொடுக்கிறான். போர் முடிந்ததும் அந்தப் பழிக்காக வேறொருவன் சிறைக்குப் போகிறான். உண்மை அறிந்த அண்ணன் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தம்பியைக் கைநீட்டிக் காட்டுகிறான்.

திரையின் அடியில் ஓடிய ஆங்கிலம் அண்ணாச்சிக்கு எட்டவில்லை. அவர் காதருகே நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக் காட்சியில், கம்பிகளுக்குப் பின்னால் நின்ற தம்பி, “ஏன் சொன்னாய்?” என்று கேட்கிறான். அண்ணன் நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, “தெரியவில்லை” என்கிறான். படம் முடிகிறது. அவ்வளவு பெரிய படத்துக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது என்று எனக்குத் தோன்றியது.

“‘நீ என் ரத்தம், அவன் என் மனச்சாட்சி’ என்கிறான்” என்றேன்.

அண்ணாச்சி அதை ஒருமுறை உதட்டளவில் சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறு மாலை என் உரைக்கு மூன்று முறை கைதட்டல் எழுந்தது. உடன்பிறப்பைவிட உண்மையே மூத்தது என்று முடித்தேன். முதல் வரிசையில் அண்ணாச்சியின் நாற்காலி காலியாக இருந்தது. அந்த உரையை அவர் கேட்கவில்லையே என்று வருந்தினேன்.

திங்கள் காலை ரயிலடிக்கு என்னைக் கொண்டுவிட்டவரும் அவரே. பன்னிரண்டு ரூபாய்த் தேநீர் அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன் போனேன் தம்பி. எளையவன்தான் ஓட்டுனான்னு எழுதிக் குடுத்துட்டேன். ராத்திரியே வந்து அவனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டிரைவர இனி விட்ருவாங்க.”

“பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள் அண்ணாச்சி.”

“எங்க அம்ம அப்படிச் சொல்லல. ஏம்ல சொன்னேன்னு ஒரே கேள்விதான். நீங்க சொன்ன வசனத்த அப்படியே சொன்னேன். ‘நாடகமால போடுத?’ன்னு கேட்டுட்டுக் கதவச் சாத்திட்டா.”

வண்டி வரும் அறிவிப்பு ஒலித்தது. சொல்லாமல் ஏறிவிட என்னால் முடியவில்லை.

“அண்ணாச்சி, படத்தில் அவன் அப்படிச் சொல்லவில்லை. ‘தெரியவில்லை’ என்றுதான் சொன்னான். மற்றது என் வசனம்.”

அவர் கோபப்படவில்லை. தேநீரைத் தண்டவாளத்தின் ஓரமாக ஊற்றினார்.

“தெரியலன்னு மட்டுமா சொன்னான்?”

“ஆமாம்.”

“எனக்கும் தெரியலதான் தம்பி. அதையே சொல்லியிருந்தா, அழுதுகிட்டாவது ஒரு வாய் சோறு போட்டிருப்பா.”

என் பையை அவரே வண்டியில் ஏற்றி வைத்தார். கடையநல்லூர் தாண்டியபோது வெயில் அடித்தது. சாரல் எந்த இடத்தில் விட்டது என்று நான் கவனிக்கவில்லை.