இடது கை மட்டும்

என் அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. அதற்கு மூன்று வருடம் கழித்து, ஹட்டன் நகரத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில், ஊர்ப்பட்ட பேர் பார்த்திருக்க, நான் அவளைப் பழிவாங்கினேன். அதற்கு எனக்குக் கிடைத்த ஆயுதம் ஒரு பியானோ. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை ஒருத்திக்குப் பியானோ எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அம்மா வேலைக்குப் போன வீட்டில் என் வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. அது தினமும் ஒரு மணி நேரம் பியானோ பழக வேண்டும். நடுவில் எழுந்து ஓடிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மாவின் வேலைகளில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் அவள் போனில் பேசுவாள். போய் இரண்டு மாதம் ஆகியிருக்காது, அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "இங்க பாப்பா பியானோ படிக்குதுங்க. நம்ம புள்ளையும் படிக்கட்டும். டவுன்ல யாராச்சும் சொல்லிக் குடுக்குறாங்களான்னு பாருங்க."

அதுவரை எங்கள் வீட்டில் பாப்பா என்றால் அது நான்தான்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். பியானோவை அவர் பார்த்ததில்லை. ஆர்மோனியத்திலேயே பெரிய சைஸ் என்று எண்ணியிருந்தார். ஆனாலும் அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் செய்யாமல் இருக்க அவருக்குத் தெரியாது. நாலு பேரிடம் விசாரித்து, ஒரு சனிக்கிழமை என்னை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார். உள்ளே எல்லாரும் சப்பாத்தோடு நடப்பதைப் பார்த்த பிறகும் திரும்பிப்போய் மாட்டிக்கொள்ளவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் வயதான சிங்கள அம்மையார். எல்லாருக்கும் அவர் மிஸ். தமிழ் தடங்கலில்லாமல் பேசுவார், ஆனால் சொற்கள் கொஞ்சம் சாய்ந்து விழும். என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "நீட்டு விரல். வரச் சொல்லுங்க" என்றார். நான் அங்கேதான் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டார் போல.

அந்தப் பியானோவின் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு பல்ப் எரிந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பனியில் கட்டைகள் ஊறி, அமுக்கினது அமுக்கினபடியே கிடந்துவிடும். வீட்டில் பழக வழி இல்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மண்டபத்துக்கு வருவேன். எங்கள் தோட்டத்துக்குப் போகும் டிக்கோயா பஸ் வரும்வரை எனக்கு அனுமதி உண்டு. மடக்கி அடுக்கிய நாற்காலிகள், தகரக் கூரையில் மழை, உடைந்த கண்ணாடி வழியே உள்ளே வரும் பனிமூட்டம், நான். கை விறைத்துப்போனால் பியானோவின் மேல்மூடியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே அந்தப் பல்ப் பக்கம் விரலை நீட்டிக் குளிர்காய்வேன். வாசித்து நிறுத்தினால், சத்தம் அடங்கும் வரை யாரோ இருப்பது போலிருக்கும். பிறகு யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது வருடம் மிஸ் எனக்கு ஒரு நொக்டர்ன் கொடுத்தார். நொக்டர்ன் என்றால் இரவுப் பாட்டு என்றார். சின்னக் கைகளுக்காகச் சுருக்கி எழுதியது. இடது கை கீழே ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். பாட்டெல்லாம் வலது கையில்தான். அந்தக் காலத்துக்காரர்கள் பியானோவைப் பாட வைக்கப் பார்த்தார்கள் என்று மிஸ் சொன்னார்.

"மகள், இடது கை பஸ் மாதிரி. நேரத்துக்குப் போகோணும். வலது கை பஸ்ஸுக்குள்ள இருக்கிற ஆள். ஜன்னலால எட்டிப் பார்க்கலாம், தூங்கலாம், அழலாம். பஸ் நிக்காது."

இதை எழுதினவர் இளவயதிலேயே தன் நாட்டை விட்டுப் போனவர் என்றும், திரும்பி வராமலே செத்துப்போனார் என்றும் சொன்னார்.

"ஏன் மிஸ் வரல?"

"வர ஏலாமப் போச்சு, மகள்."

வர முடியாதவர்களைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. ஆனால் பாட்டு பிடித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதன் பெயரையும் இலக்கத்தையும் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் குரல் துள்ளியது.

"பாப்பாகிட்ட கேட்டேன். அது வாசிக்கிறதும் அதே பாட்டுத்தானாம்! நடுவுல ஒரு எடம் வரும் பாரு, அங்க வந்தா அதுக்கு எப்பவும் தடுக்கும். அழுதிரும். நாந்தான் முதுகத் தட்டிக் குடுப்பேன்."

எனக்கும் அந்த இடத்தில்தான் தடுக்கியது. சொல்லவில்லை.

டிசம்பரில் மிஸ்ஸின் பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கும் கச்சேரி. அம்மாவும் டிசம்பரில் வருவதாக இருந்தது. இரண்டையும் ஒரே நாளாக மனசுக்குள் முடிச்சுப்போட்டு வைத்திருந்தேன். அம்மா எந்த வரிசையில் உட்காருவாள், எந்தச் சேலை கட்டியிருப்பாள் என்பதுவரை தீர்மானித்தாகிவிட்டது. கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் போனில் சொன்னாள்:

"பாப்பாவுக்குப் பெரிய பரீட்சையாம். அது முடியட்டும்னு மேடம் கெஞ்சுறாங்க. இன்னும் ஒரு வருசந்தான், கண்ணு. நீ வாசிக்கிறப்போ அப்பா போனப் புடிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் அம்புட்டும் கேப்பேன்."

நான் "ம்" என்றேன். அழவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தோட்டத்துரைமார் குடும்பங்கள், டாக்டர், பள்ளிக்கூட டீச்சர்மார் என்று மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா முன்வரிசை ஓரத்தில், கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் போனில் எண்ணை அழுத்தி, காதில் வைத்து, "ஆ, இந்தா வருது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, போனைச் சாமிக்குச் சூடம் காட்டுவது போல இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். யாரோ சிரித்தார்கள்.

என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. முதலில் இடது கை மட்டும் தனியாகத் தொடங்கும். தொடங்கினேன். வலது கை எழும்ப வேண்டிய இடம் வந்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பாட்டை அவளுக்குக் கொடுப்பதில்லை. அவ்வளவுதான். அங்கே ஒரு பாப்பா தினமும் வாசிக்கிறதே, அதையே கேட்டுக்கொள்ளட்டும்.

இடது கை போய்க்கொண்டே இருந்தது, ஆளில்லாத பஸ் போல. மிஸ் பக்கவாட்டிலிருந்து, "வலது கை, மகள், வலது கை" என்று மெல்லச் சொன்னார். பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இருமினார்கள். தடுக்குகிற அந்த இடம்கூட வந்து போனது. அங்கே தடுக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் தடுக்குவது வலது கைக்குத்தான். ஒரு தாளம் பிசகாமல் கடைசிவரை வாசித்து, எழுந்து, சொல்லித்தந்தபடி குனிந்து வணங்கினேன். இரக்கப்பட்டவர்கள் கை தட்டினார்கள். அப்பா மட்டும் நிஜமாகத் தட்டினார், போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

மிஸ் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் வலது கையை எடுத்து, முதல் நாள் போலவே விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார்.

"நோகுதா?"

"ஆமா மிஸ்."

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை வைத்து வெகுநேரம் சூடுபண்ணினார். அன்று முழுவதிலும் எனக்கு வெட்கமாக இருந்தது அப்போது மட்டும்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கோயா தாண்டியது. அப்பா ஏதோ நல்ல செய்தி சொல்பவர் போல என் பக்கம் குனிந்தார்.

"நடுவுல லைன் அந்துருச்சோன்னு போனக் காதுல வச்சுப் பாத்தேன். ஒங்கம்மா அங்க பாடிக்கிட்டு இருந்துச்சு, புள்ள."

"பாடுனாங்களா?"

"சத்தமா இல்ல. சன்னமா, னா னான்னு. துணி தொவைக்கிற ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு நின்னுச்சாம். நீ நிப்பாட்டுற வரைக்கும் அதுவும் நிப்பாட்டல. அப்புறம் கேட்டா, நல்லா வாசிச்சுச்சு, முழுசாக் கேட்டேன்னு சொல்லுச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வேண்டுமென்று பாட்டை எடுத்துவிட்டு வாசித்திருக்கிறேன், அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என் வாசிப்பைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்ப அம்மா கேக்கவே இல்ல" என்றேன். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் போனுக்கு வரவில்லை.

அம்மா மறுவருடம் வந்தாள். இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். அந்தப் பின்னேரத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது நுவரெலியாவில் நானும் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு சிறுமிக்கு ஒரு நொக்டர்னில் இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்க வாசிக்க, மேலே வர வேண்டியதை என் வாய் தானாகப் பாடத் தொடங்கியிருந்தது. பாதியில்தான் அது எனக்கே காதில் விழுந்தது, சன்னமாக, னா னா என்று. சட்டென்று நிறுத்தினேன்.

அவளும் நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"ஏன் மிஸ் நிப்பாட்டுனீங்க? நீங்க பாடுனாத்தான் நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியுது."