சாய்ருங்கின் இடது கண்

தாய்லாந்தின் கோன்கேன் நகரத்தில் எட்டாம் எண் வண்டி ஓட்டிய ஒரே பெண் சாய்ருங். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை போட்டு ஆள் ஏற்றும் சின்ன லாரி அது. பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையே பதினோரு வருஷம் ஓட்டினாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பேச்சில்தான் யாரையும் கீறாமல் விட மாட்டாள்.

அவளுக்குத் தண்டே இல்லாத சப்பை மூக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டால் வழுக்கிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். மற்ற ஓட்டுநர்களுக்கு இது போதாதா?

"சாய்ருங், கண்ணாடியை மூக்குல மாட்டாதே, உதட்டுல மாட்டு. அங்கதான் இடம் இருக்கு" என்பார் பிரசோப். நிலையத்தில் அவர்தான் மூத்த ஓட்டுநர்.

"உங்க தொப்பைல மாட்டுறேண்ணே. அதுதான் வண்டிக்கு முன்னாலயே வந்து நிக்குது."

சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் தங்கை கல்யாணப் படங்கள் வந்தபோது, எல்லாப் படத்திலும் தான் கையால் மூக்கை மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முடி வெட்டும் மாலிவன்தான் வழி சொன்னாள். "என் கடைக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரு டாக்டர் வராங்கடி. டாக்டர் ஃபா. கத்தி கிடையாது, தையல் கிடையாது. ஊசில ஜெல் ஏத்துவாங்க, அரை மணி நேரத்துல மூக்கு எழும்பி நிக்கும். கிளினிக்ல கேக்குறதுல எட்டுல ஒரு பங்குதான்."

டாக்டர் ஃபா இளஞ்சிவப்புப் பையோடு வந்தாள். சாய்ருங்கை முடி கழுவும் நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தாள். மருந்துப் பெட்டியில் ஏதோ கொரிய எழுத்து இருந்தது. அதற்கு மேல் சாய்ருங் எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் அக்கா, அவ்வளவுதான்."

முதல் குத்து எறும்புதான். இரண்டாவது குத்து புருவங்களுக்கு நடுவில். இடது கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை விட்டு அழுத்தியது போல வலித்தது. அடுத்த நொடி அந்தப் பக்கம் இருட்டிவிட்டது.

"டாக்டர், இடது கண்ணு தெரியல."

"பயத்துல அப்படி இருக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுத் தூங்குங்க. காலைல சரியாயிடும்."

சாய்ருங் முடி கழுவும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். நெற்றித் தோல் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு வலை விரித்தது போல ஊதா நிறம் படர்ந்தது. அதைப் பார்த்த ஃபா பத்து நிமிஷத்தில் பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக எழுந்த சாய்ருங்கை மாலிவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்டி. என் கடையை இழுத்து மூடிடுவாங்க. கொஞ்சம் பொறு, டாக்டரே சொன்னாங்கல்ல."

கொஞ்சம் கொஞ்சம் என்று நாலு மணி நேரம் பொறுத்தாள். கடைசியில், வண்டி எடுக்க வராதவளைத் தேடிக்கொண்டு பிரசோப் வந்துதான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் ஒளித்து வைத்துப் பேசவில்லை. "அந்த ஜெல் ரத்தக் குழாய்க்குள்ள போய், கண்ணுக்குப் போற ரத்தத்தை அடைச்சிருச்சும்மா. உடனே வந்திருந்தா முயற்சியாவது பண்ணியிருக்கலாம். ஒரு வகை ஜெல்லைக் கரைக்க மருந்து இருக்கு. உங்களுக்கு என்ன போட்டாங்கன்னே தெரியலையே. இது நல்ல டாக்டர் கையிலயும் நடக்கலாம், அபூர்வமா. ஆனா அவங்க தோல் வெளுக்குறப்பவே கண்டுபிடிச்சிடுவாங்க. விட்டுட்டு ஓட மாட்டாங்க."

இடது கண் போனது போனதுதான். புருவத்துக்கு நடுவே தோல் கறுத்து உதிர்ந்து பள்ளம் விழுந்தது. ஆள் ஏற்றும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எட்டாம் எண்ணை வேறொருவன் ஓட்டினான். நிலையத்தில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறித்துக் கூவி அனுப்பும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

போலீஸ் புகாரை எழுதிக்கொண்டது. டாக்டர் ஃபாவின் கைபேசி அணைந்திருந்தது, அவளுடைய இணையப் பக்கம் காணாமல் போயிருந்தது. "எனக்கு ஊரும் தெரியாது பேரும் தெரியாது" என்று மாலிவன் கையை விரித்தாள்.

சாய்ருங் அழவில்லை. வேலை நேரம் போக எல்லா நேரமும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு எழுப்புகிறேன், உதடு பெருக்குகிறேன் என்று விளம்பரம் போடும் ஒவ்வொருத்தியின் வீடியோவையும் கேட்டாள். பார்க்கவில்லை, கேட்டாள். முகத்தை எந்த மாயம் போட்டும் மாற்றலாம், குரலை அப்படி மாற்ற முடியாது என்பது அவள் கணக்கு. சோறு தின்னும்போது கேட்டாள், துணி துவைக்கும்போது கேட்டாள். கேட்கும்போதெல்லாம் மனதில் ஒரே காட்சி: ஃபாவின் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, அதே இடத்தில், அதே ஊசி.

ஏழாவது மாதம், மதிய வண்டியை அனுப்பிவிட்டு நின்றவளின் காதில் விழுந்தது. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." இப்போது பெயர் டாக்டர் மின். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மகாசாரகாம். கல்லூரிப் பெண்கள் நிறைந்த ஊர்.

மாகாண சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சுபத்ரா என்ற அதிகாரி, சிரிக்காத ஆள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கையும் மருந்துமா பிடிக்கணும். நீங்க நேரம் மட்டும் வாங்கிக் குடுங்க. மூணு மணிக்கு நாங்க உள்ள போவோம். நீங்க வெளிய நிக்கணும், புரியுதா?"

"புரியுதுங்க" என்றாள் சாய்ருங். கறுப்புக் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு இரண்டரை மணிக்கே உள்ளே போனாள்.

மாடிக் குடியிருப்பில் ஓர் அறை. நாலு மாணவிகள் தரையில் காத்திருந்தார்கள். ஐந்தாவது பெண் மரத்துப்போகும் களிம்பு பூசிய முகத்தோடு கட்டிலில் கிடந்தாள். தட்டில் நிரப்பிய ஊசி. பக்கத்தில் அதே இளஞ்சிவப்புப் பை.

சாய்ருங் கண்ணாடியையும் முகமூடியையும் கழற்றினாள்.

"என்னைத் தெரியுதா, டாக்டர் ஃபா?"

ஃபாவின் முகம் ரத்தம் வற்றி வெளுத்தது. "நீங்க... ஆள் மாறி வந்துட்டீங்க அக்கா."

"பேரை மாத்தினது நீ. நான் கண்ணை மட்டும்தான் மாத்தியிருக்கேன்." சாய்ருங் மாணவிகள் பக்கம் திரும்பினாள். "பாருங்க பொண்ணுங்களா, நல்லாப் பாருங்க. இந்தப் பள்ளம் இவ போட்ட ஊசி. இந்தக் கண்ணு இவ போட்ட ஊசி. கண்ணு தெரியலன்னு சொன்னேன், தூங்குன்னு சொல்லிட்டுப் போனா."

கட்டிலில் கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்தாள். சாய்ருங் தட்டிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினாள்.

"நல்ல மருந்துதானே? உன் மூக்குல நீயே போட்டுக்கோ. நாங்க பாக்குறோம்."

"எனக்கு... எனக்கு அலர்ஜி இருக்கு."

தரையில் இருந்த மாணவி ஒருத்தி கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினாள். "போட்டுக்கோங்க டாக்டர். எறும்பு கடிதானே?"

ஃபா வாசலைப் பார்த்து ஓடினாள். சாய்ருங் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தாள். ஏழு மாதம் நினைத்தது நினைத்தபடியே கைக்குள் வந்தது. ஊசியைப் புருவத்துக்கு நேரே கொண்டுபோனாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. முனை ஒரு விரல் தள்ளி இருக்கிறதா, தோலைத் தொட்டுவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆடாதே. எனக்கு அளவு தெரியாது. நீதான் அப்படி ஆக்கிட்டே."

ஃபாவின் தொண்டையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

"நீ யாருன்னு சொல்லு. சத்தமா."

"நான் டாக்டர் இல்ல. கிளினிக்ல தட்டுத் தூக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம். பாத்துக் கத்துக்கிட்டேன். மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்க."

"மருந்து?"

"ஆன்லைன்ல வாங்கினது. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. சத்தியமா."

முனை பட்ட இடத்தில் கடுகளவு ரத்தம் முத்தாக நின்றது. கட்டைவிரலை அழுத்தினால் முடிந்தது. சாய்ருங் அழுத்தவில்லை. பாவம் பார்த்து அல்ல. அழுத்தினால் ஜெயிலுக்குப் போவது தான்தான், இவள் ஆஸ்பத்திரியில் பூச்செண்டோடு படுத்திருப்பாள் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. கதவு திறக்கும் வரை கூந்தலை விடவும் இல்லை, ஊசியை விலக்கவும் இல்லை.

சுபத்ரா உள்ளே வந்து ஊசியைப் பிடுங்கினார். "வெளிய நிக்கச் சொன்னேன்ல?"

"கால் வலிச்சுது. உள்ள வந்து நின்னேன்."

வழக்கு நடந்த ஒவ்வொரு நாளும் சாய்ருங் கண்ணாடி போடாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஃபாவின் அம்மா மன்னிப்புக் கேட்கும் மாலையோடு வந்து காலில் விழுந்தபோது, "எந்திரிங்கம்மா. உங்க மேல கோபமில்ல. உங்க பொண்ணை மட்டும் விட மாட்டேன்" என்றாள். சமரசத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தண்டனை வாசித்த அன்று ஃபாவை ஏற்றிப்போகும் வண்டி கிளம்பும் வரை வெயிலில் நின்று பார்த்தாள்.

அதோடு விட்டாளா என்றால், இல்லை. மாலிவன் மேல் சட்டத்தில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. அபராதம் கட்டிவிட்டுக் கடையைத் திறந்துகொண்டாள்.

மறுவாரம் சாய்ருங் அந்தக் கடைக்குள் போய், காத்திருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். லீவு நாளெல்லாம் போனாள். முடி வெட்ட வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னாள். கழுவும் நாற்காலியைக் காட்டி, "அதுலதான்" என்றாள்.

"என்னடி வேணும் உனக்கு?" என்று மாலிவன் ஒரு நாள் கத்தினாள்.

"முடி வெட்டணும். அவசரமில்ல. நாலு மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்குவேன்."

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. மாலிவன் சாமான்களை ஏற்றிக்கொண்டு அக்கா ஊருக்குப் போனாள். அவள் லாரியில் ஏற்றியதையெல்லாம் எதிர்க் கடையில் பப்பாளிச் சாலட் தின்றுகொண்டே சாய்ருங் பார்த்தாள். பக்கத்தில் பிரசோப்.

"இப்பவாவது மனசு ஆறிச்சா?"

"கண்ணு வரலையேண்ணே, எப்படி ஆறும்?" காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா அவ போறதைப் பாக்க நல்லாத்தான் இருக்கு."

இன்னொரு தட்டு கேட்டாள். மிளகாய் கூடப் போடச் சொன்னாள்.