நாத்தனார் விளக்கு

குப்புராஜ் குடிக்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கு மேற்குத் தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். ஒரு ஆளைப் பற்றி நல்லது சொல்ல நம் ஜனங்களுக்கு ஆயிரம் சாட்சி வேண்டும், கெட்டது சொல்ல ஒரு செல்போன் போதும்.

நான் தாவீது, கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் போட்டோ, நான் வீடியோ. ஒரே மேடையில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு பல வருஷமாகப் பிழைக்கிறோம். அவனுடையது பெருங்களத்தூர்ப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம். அவன் அப்பா பயிர் வைத்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் ஒரு ஜன்னல்கூட இவனுக்குச் சொந்தமில்லை. எல்லாம் பங்காளிகள் பார்த்துக்கொண்டார்கள். இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

தொழிலில் அவனுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டும்போது எல்லாரும் எதிரில் நின்று மாப்பிள்ளை முகத்தையும் பெண் முகத்தையும் எடுப்பார்கள். குப்புராஜும் எடுப்பான். ஆனால் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, மீதி இரண்டை நாத்தனார் போடுவதற்குள், சுற்றிக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் போய்விடுவான். மஞ்சள் கயிற்றில் அந்த விரல்கள் முடிச்சுப் போடுவதை எடுத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். “மாலையைத் திரும்பிப் போடச் சொல்லலாம் மச்சான், தாலியைத் திரும்பிக் கட்டச் சொல்ல முடியுமா?” என்பான். அந்த ஒரு படத்துக்காகவே அவனைத் தேடி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

போன வருஷம் புது கேமரா வாங்கினான். வேளச்சேரியில் ஒரு வகுப்பில் சேர்ந்து, தன் பாதி வயசுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று அந்தக் கேமரா தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்ததும் என் கடை வாசலிலேயே வைத்துக் காட்டினான். “இனிமே கண்ணே வேணாம்டா நம்ம தொழிலுக்கு” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் வாய்க்கு அன்றைக்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வண்டி ஓட்டும்போது பக்கக் கண்ணாடியை எங்கேயாவது உரசிவிட்டு வர ஆரம்பித்தான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் கண் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா ஏதேதோ மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி நிறைய நேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டிருக்கிறது என்றார். பக்கத்துப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, இடது பக்கம் சுத்தமாகவே இல்லை. போனது திரும்ப வராது. மருந்து விட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

“இவ்வளவு போயிருக்கு, உங்களுக்குத் தெரியவே இல்லையா?” என்று அவர் கேட்டார். எப்படித் தெரியும்? வாழ்நாள் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைச் சின்ன ஓட்டையில் வைத்துப் பார்த்தவன். ஓட்டைக்கு வெளியே இருந்த உலகம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “தனத்துக்குத் தெரியக் கூடாது. யாருக்குமே தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா அன்னிக்கோட நம்ம பொழப்பு முடிஞ்சுது.” சொட்டு மருந்தை லென்ஸ் துடைக்கிற துணியில் சுற்றிக் கேமராப் பைக்குள் வைத்துக்கொண்டான். கல்யாண மண்டபக் கழிப்பறைகளில் நின்று அண்ணாந்து மருந்து விட்டுக்கொள்வான். நான் வெளியே காவல் நிற்பேன்.

அதற்கப்புறம் அவன் படித்த படிப்பை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலமே மண்டபத்துக்குப் போய் மேடை முழுக்க நடந்து, படி எங்கே, ஓமகுண்டம் எங்கே, பூ ஜோடனைத் தூண் எங்கே என்று காலுக்குப் பழக்குவான். சடங்கு வரிசை அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஐயர் குரல் எப்போது ஏறும், கெட்டிமேளத்துக்கு முன்னால் தவில்காரர் எப்படி ஒரு தட்டு தட்டி நிறுத்துவார், எல்லாம் காதில் வைத்திருந்தான். கண் போன இடத்தைக் காதால் அடைத்துக்கொண்டே பல கல்யாணம் ஓட்டினான். எனக்கே நடுவில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லையென்றால் மனைவி தனத்தையும் மகள் அஞ்சலியையும் எங்கேயாவது கூட்டிப் போவான். முன்பெல்லாம் கூப்பிட்டால் வர மாட்டான், தூக்கம்தான். இப்போது அவசரமாகப் போனான். வண்டலூர் போனார்கள். கோவளம் போனார்கள், நானும் என் வீட்டுக்காரியும்கூட உடன் போனோம். பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கரணைக்கு ஒரு நாள் போனோம். சாலையோரம் நின்று சதுப்பு நிலத்தில் பறவை பார்ப்பது. “அப்பா, அதோ பாரு, கூழைக்கடா!” என்று அஞ்சலி இடது பக்கம் கை நீட்டினாள். எட்டாவது படிக்கிற பெண். இவன் நேர் எதிரே பார்த்து, “ஆமா பாப்பா, இன்னா பெருசு!” என்றான். எதிரே வெறும் கோரைதான் இருந்தது. அஞ்சலி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனுடைய இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது வழியில் பள்ளம் வந்தால் லேசாக இழுத்தாள், மாடு வந்தால் நிறுத்தினாள். தனம் பார்த்துவிட்டு, “வளந்துட்டா, இன்னும் அப்பனைத் தொங்கிக்கினு வரா பாரு” என்று கிண்டல் செய்தாள்.

வைகாசியில் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணம். வழக்கம்போல முந்தின நாளே போய் மேடையைக் காலால் பார்த்து வைத்திருந்தான். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அக்கா முடிச்சுப் போட, தங்கை புஷ்பலதா நாத்தனார் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் நிற்பாய் என்று அவளைக் கேட்டும் வைத்துக்கொண்டான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். ஏர் கூலரை மட்டும் அவன் கணக்கில் எடுக்கவில்லை.

ஐயர் கெட்டிமேளம் கேட்ட நேரத்தில், வியர்க்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் கூலரை மேடைப் பக்கம் திருப்பி வைத்தான். சுடர் படபடத்தது. புஷ்பலதா முந்தானையால் மறைத்துக்கொண்டு மறு பக்கம் மாறி நின்றாள். என் வீடியோவில் எல்லாம் தெரிந்தது. “குப்பு!” என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவன் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான். இடது தோள் நேராக அவள் கையில் மோதியது. விளக்கு பறந்து போய்த் தரையில் விழுந்து, எண்ணெய் கொட்டி, அணைந்துபோனது. மாப்பிள்ளை அப்போதுதான் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஐயர் நல்ல மனுஷன். மேளத்தை நிறுத்தாதே என்று கையைக் காட்டிவிட்டு இன்னொரு விளக்கை ஏற்றிக் கொடுத்தார். தாலி ஏறியது. ஆனால் பெண்ணின் அம்மா மேடையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விளக்குக்கும் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நான் லேசாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனதை நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இனி அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் இந்த விளக்குதான் பதில் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் குப்புராஜின் சட்டையைப் பிடித்தார். “கண்ணு இன்னாடா அவிஞ்சா போச்சு? குடிச்சிட்டு வந்துகீறியா?”

“வாடை ஒண்ணும் வர்லயே” என்றார் பக்கத்தில் ஒருவர்.

“இப்ப வாடையே இல்லாத சரக்கெல்லாம் வந்துச்சி, உனக்கு இன்னா தெரியும்” என்றார் இன்னொருவர். இந்த விஷயத்தில் நம் ஊரில் நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். குப்புராஜ் என்னைப் பேச விடவில்லை. “ஆமா சார்” என்றான். “காலையில கொஞ்சம் போட்டுட்டேன். தப்புதான். மன்னிச்சிக்கோங்க.” கும்பிட்டான். கன்னத்தில் ஒன்று விழுந்தது. சுற்றிலும் செல்போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். “உனக்குப் பைத்தியமாடா? உண்மையைச் சொல்லியிருந்தா பாவம்னு விட்டிருப்பாங்க” என்றேன்.

“பாவம்னு விட்டுட்டு அப்புறம்? குடிகாரன்னா ஒரு ரெண்டு முகூர்த்தத்துக்குத் திட்டுவானுங்க, அப்புறம் ஒழுங்கா வான்னு கூப்புடுவானுங்க. கண்ணு தெரியாத போட்டோகிராபரை எவன்டா கூப்புடுவான்?”

தொழில் கணக்கு சரிதான். வீட்டுக் கணக்கைத்தான் அவன் போடவில்லை. தனத்தின் அண்ணன் ஆனந்தன் குடித்தே செத்தவன். குடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால் ஆண்டியானாலும் பரவாயில்லை என்று சொல்லி இவனைக் கட்டிக்கொண்டவள் அவள்.

நாங்கள் அவன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தச் செல்போன் வீடியோ போய்விட்டது. தனம் வாசலிலேயே நின்றாள். கையில் செல்போன். என்னைப் பார்த்ததும், “நீங்களும் கூடத்தானேண்ணா இருந்தீங்க?” என்றாள். நான் கேமராப் பையை உள்ளே வைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். குப்புராஜும் பின்னாலேயே உள்ளே வந்து தையல் மெஷின் பக்கம் நின்றான்.

“எவ்ளோ நாளா நடக்குது இது?” என்று அவனைக் கேட்டாள்.

“இன்னிக்குத்தான் தனம். மொத தடவை.”

“எங்கண்ணனும் இதையேதான் சொன்னான். மொத தடவை, மொத தடவைன்னுதான் சுடுகாட்டுக்குப் போனான்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உள்ளறைக்குப் போய் அஞ்சலியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவன் பக்கத்தில் நிறுத்தினாள். “புள்ள தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணு. இனிமே தொட மாட்டேன்னு சொல்லு.”

குப்புராஜ் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். பாவி, அவனுக்கு அது எவ்வளவு சுலபமான சத்தியம்! தொடாததை இனிமேலும் தொட மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. தைரியமாகக் கையை நீட்டினான்.

அஞ்சலி அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். கை முன்னால் போனது. அங்கே யாரும் இல்லை. கொஞ்சம் தாழ்த்தினான். வலது பக்கம் துழாவினான். விரல்கள் தையல் மெஷினில் போய் இடித்தன.

“பாருங்கண்ணா, பாருங்க” என்றாள் தனம். “இப்பவும் ஏத்திக்கினுதான் வந்துகீறாரு. பெத்த பொண்ணு எங்க நிக்குதுன்னுகூடத் தெரியல.”

அஞ்சலி அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். “அப்பா குடிக்கலம்மா. அப்பாவுக்கு இந்தப் பக்கம் தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது.”

குப்புராஜ் மகள் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் பையைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்த மருந்து பாட்டிலை எடுத்துத் தனத்திடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சரியாயிடும் இல்லண்ணா?”

“இல்லம்மா.”

“ஆபரேஷன் பண்ணா?”

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். போனது வராது, இருப்பதும் போகும். எப்போது என்று மட்டும் தெரியாது. அவள் தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்தாள், அவன் தலைகுனிந்து நின்ற விதத்தைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வந்தான், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவன் அதைப் பார்க்கவில்லை, “தனம்” என்றான்.

அவள் என்னிடம்தான் பேசினாள். கையில் இருந்த பாட்டிலை மெஷின் மேல் வைத்துவிட்டு, சின்னக் குரலில் சொன்னாள்.

“குடியா இருந்தா நிறுத்த வெச்சிருப்பேனேண்ணா.”