பாலத்தடியில் ஒரு துருப்பிடித்த வாள்

அந்த விளையாட்டு எதற்கும் உதவாதது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருந்த மாமா, அங்கே யாரும் சீண்டாத ஒரு பழைய கணினியையும் ஒரு கசெட்டையும் கண்டிக்குக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தி, கசெட்டை டேப் ரெக்கோர்டரில் போட்டால், அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்த பிறகு விளையாட்டு வரும். வராமலும் போகும். ஏதோவொரு மாயாஜால நாவலைத் தழுவியது என்று உறையில் போட்டிருந்தது. படம் கொஞ்சம், எழுத்து அதிகம். 'வடக்கே போ', 'கல்லைத் தூக்கு' என்று ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். பாதிக்கு மேல் 'விளங்கவில்லை' என்றுதான் பதில் வரும். கூட வருகிற மந்திரவாதி மந்திரம் ஒன்றும் செய்யமாட்டார். நெருப்புக் குகைக்குள் நின்றுகொண்டும் 'குளிருகிறது' என்பார்.

அண்ணா அந்த நாவலை நூலகத்தில் தேடிப் பிடித்து வாசித்தார். கதையில் வருகிறபடி விளையாடினோம். போன இடமெல்லாம் செத்தோம்.

"இந்தக் கேம் செய்தவன் புத்தகத்தைத் திறந்தே பார்க்கேல்லை" என்றார் அண்ணா.

ஆனாலும் விளையாடினோம், வேறு வழியில்லை. அப்பா வடக்கில் வேலையில் இருந்தார், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. நகரத்தில் குண்டு வெடித்த பிறகு, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருந்த அண்ணாவை அம்மா வாசல்படி தாண்ட விடவில்லை. ஹந்தானை மலைச் சரிவில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் அவருக்கு உலகம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அடையாள அட்டையே சொல்லும், இராணுவம் பிடிக்க அது போதும். எனக்குப் பதின்மூன்று வயது. அதை முடித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். கெட்டிக்காரனிடம் தோற்கலாம், இவ்வளவு மோசமான ஒன்றிடம் தோற்க என்னால் முடியாது.

வழி தவறாமல் இருக்க ஒரு வரைபடம் கீறினோம். பழைய கலண்டர் தாள்களை ஒட்டி, அதன் பின்பக்கத்தில், தமிழில். காவல் கோபுரம். கிணறு. சுரங்கப் பாதை. பாலம், காவலாள் நிற்பான். பாலத்தடியில், என் கையெழுத்தில், 'ஆயுதம் இங்கே ஒளித்திருக்கு'. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தோம்.

இத்தனைக்கும் அம்மா, இராணுவச் சோதனைக்குப் பயந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தவர். அண்ணா பள்ளிக்கூடச் சீருடையில் அணிவகுத்த படத்தைக்கூடக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தார். தினமும் அந்த அலுமாரியைத் திறந்துதான் சேலை எடுப்பார். அந்தத் தாள் அவர் கண்ணில் படவேயில்லை. அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அல்லவா?

ஒரு சனிக்கிழமை காலை இராணுவம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தது. எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். அலுமாரி திறந்தது. அதிகாரி தாளைக் கவனமாக உரித்தெடுத்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது.

"மே மொகக்த?" என்றார். இது என்ன?

கேம் என்றார் அண்ணா. அப்படியானால் போட்டுக் காட்டு என்றார் அதிகாரி. போட்டுக் காட்ட மின்சாரம் இல்லை. மழை பொய்த்து, நாடு முழுக்க மின்வெட்டு இருந்த காலம் அது. அதிகாரி நம்பவில்லை. அண்ணாவை ஜீப்பில் ஏறச் சொன்னார், விளக்கத்தை முகாமில் சொல்லலாமாம்.

முகாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது, அந்தக் கேம் மேல். வாசலில் குறுக்கே போய் நின்றேன். பள்ளிக்கூட பஸ்ஸில் பொறுக்கிய சிங்களத்தில், "கரண்ட் வரும் வரைக்கும் இருங்கள் சேர், அதில் இருக்கிற பாலத்தை நானே காட்டுகிறேன்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கதிரையில் உட்கார்ந்தார். அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

மின்சாரம் வந்தது. கசெட்டைப் போட்டேன். கத்தியது, நின்றது, திரை கறுப்பாகவே இருந்தது. சிப்பாய்கள் அண்ணாவை எழும்ப விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல, ரெக்கோர்டரின் குட்டித் திருகாணியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி போட்டேன். இந்தமுறை வந்தது.

தாளை மடியில் விரித்துவைத்து அதிகாரி விரலால் தொடர்ந்தார். கோபுரம், சரி. கிணறு, சரி. 'குளிருகிறது' என்றார் மந்திரவாதி. பாலத்துக் காவலாள் தன் மனம்போனபடி ஆளை வெட்டுகிறவன். வெட்டினால் எல்லாம் முதலிலிருந்து. அவன் அன்றைக்கு என்ன நினைத்தானோ, பேசாமல் நின்றான். 'கல்லைத் தூக்கு' என்று தட்டினேன். 'ஒரு துருப்பிடித்த வாள் கிடைத்தது' என்று வந்தது. கீழே வாளின் படம். அகப்பை என்றாலும் நம்பலாம்.

அதிகாரி சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இப்படியானவற்றைக் கடதாசியில் எழுதாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா அண்ணாவின் தோளில் முகம் வைத்து அழுதார்.

அதற்குப் பிறகு அம்மா பொறுக்கவில்லை. இருந்த நகையை விற்று, அண்ணாவைக் கொழும்புக்கும், அங்கிருந்து நோர்வேக்கும் அனுப்பினார். கணினி என்னிடம் மிஞ்சியது. கடதாசி கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, கடதாசி வேண்டாம். கேமின் முழு நாட்டையும் தலைக்குள் கீறினேன். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சுரங்கத்தின் திருப்பங்களை முணுமுணுத்துக்கொண்டே போனேன். செத்துச் செத்து, கடைசியில் முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா நோர்வேயிலிருந்து பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குக் கோல் எடுப்பார்.

"அண்ணா, முடிச்சிட்டன்."

"எதை?"

"கேமை. பேப்பர் இல்லாமல்."

"உண்மையாவோ! கடைசியில என்ன வருகுது?"

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் தெரியவில்லை.

"'நல்லது, இனி நீ வீட்டுக்குப் போகலாம்' எண்டு வருகுது. வேற ஒண்டும் இல்லை."

லைன் கரகரத்தது. அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணா?"

"ஓம், நிக்கிறன்" என்றார். "அந்த மந்திரவாதி என்ன சொல்லுறார்?"

"குளிருது எண்டுறார்."

"இங்கயும்தான்" என்றார் அண்ணா.