சென்னைக் கடையா, சேலத்துக் கடையா

கோயில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று மைக் செட் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வாடகைக்கு விடுகிறவன் இல்லை. வாடகைக்காரருக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் மக்கர் செய்தால் வேறொன்றைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். நான் மாட்டிவிட்டு வந்தது பத்து வருஷமாவது பேச வேண்டும். அதனால் சரக்கு எந்தக் கடையில் எடுப்பது என்பதுதான் எனக்கு எப்போதும் பெரிய யோசனை.

அப்போது எனக்கு இரண்டு மொத்தக் கடைகள். சென்னைக்காரருக்கு ஒரு கார்டு போட்டால் போதும், லாரியில் அனுப்பிவிடுவார். எத்தனை பீஸ் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். யூனிட், அதாவது குழாயின் பின்னால் இருந்து சத்தம் எழுப்புகிற பகுதி, கெட்டுப்போனால் பேசாமல் புதுசு கொடுத்துவிடுவார். சேலத்துக்காரர் ஒரு பாய். அவரிடம் போனால் அரை நாள் போய்விடும். எந்த ஊர், கம்பி எவ்வளவு தூரம், பேட்டரியை எங்கே சார்ஜ் போடுவே, மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டுக்கினே இருப்பார். கெட்டதைக் கழட்டிச் சரிபண்ணித் தருவாரே தவிரப் புதுசு தரமாட்டார். எனக்கு அது பிடிக்காது.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஊர்த் தலைவர் என் வூட்டுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். மலையில் அவர்களுடைய காளி கோயிலுக்குக் குடமுழுக்கு. அந்த ஊருக்கு இன்னும் கரண்ட் போகவில்லை, பேட்டரிதான்.

"எங்க அக்கா எதிர் மலையில கீது. இடுப்பு ஒடிஞ்சி படுத்துக்கினு கீது. இந்தக் கோயிலுக்கு மொத கல்லு சொமந்தவ அவதான். தண்ணி ஊத்தறப்போ அவ காதுல விழணும். அது போதும் எனக்கு."

சரி என்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டேன்.

எந்தக் கடை என்று முடிவெடுக்க, நான் எப்போதும் செய்கிற மாதிரி எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பூ கட்டிப் போட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சென்னை, சிவப்பு வந்தால் சேலம். விளக்கு போட வந்த ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. அன்றைக்கே சென்னைக்கு எழுதிப் போட்டேன்.

அதற்குள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பமாகிவிட்டது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்தும் ஆள் போயிருந்தது. சரக்கு வந்ததா என்று பார்க்க சைக்கிளில் கிளம்பினேன். எலவனாசூர்கோட்டை வரைக்கும் பாதி தூரம் சைக்கிள் என்னைச் சுமந்தது, அதைத் தாண்டி நான்தான் சைக்கிளைச் சுமந்தேன். உளுந்தூர்பேட்டை பார்சல் ஆபீசில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சென்னையிலேர்ந்து ஒரு லாரியும் கெளம்பல. நீ இன்னாத்துக்கு வந்தே?" என்றார்.

குடமுழுக்குக்கு எட்டு நாள் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சேலத்துக்கு வழி தேடியிருப்பார்கள். நான் தேடவில்லை. அம்மன் வெள்ளையைக் கொடுத்த பிறகு சேலம் போனால் அது மீறுகிற மாதிரி. இரண்டு நாள் பேசாமல் வூட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"வரலன்னா வரலன்னு அந்த மனுசனாண்ட போய்ச் சொல்லிட்டாவது வாயேன். வெத்தல வாங்கின வாய்தானே?"

கச்சிராயபாளையம் வரை சைக்கிள், பிறகு நடை. தலைவர் கோயில் வாசலில் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பூவையும் சேர்த்து. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"செட்டு யாருக்கு?"

"உங்க காளிக்குங்க."

"நீ யாராண்ட கேட்டே?"

"எங்க மாரியம்மாகிட்ட."

"அவ ஊரு வேற, இவ ஊரு வேற. இவ வூட்டு சாமானுக்கு அவள இன்னாத்துக்கு இழுக்கறே?"

அப்படியானால் இங்கேயே கேட்டுவிடலாமே, எந்தக் கடை என்று நீங்களே பூ வைத்துக் கேளுங்கள் என்றேன். மலைக்காரர்கள் சாமிக் கல்லின் மேல் ஈரப் பூவை ஒட்டிவைத்து, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார்கள். அவர் கண்டிப்பாக மாட்டேன் என்றுவிட்டார்.

"காளியாண்ட கடை கண்ணியெல்லாம் கேக்கறதில்ல. அன்னிக்கி செட்டு பேசுமா, பேசாதா? அத ஒண்ணுதான் கேப்பேன்."

பூவை வைத்தார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் அது அசையவேயில்லை. என் மனசுக்குள் மாரியம்மாளிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டேன். பூ வலது பக்கம் விழுந்தது.

"பேசும்" என்று சொல்லிவிட்டு அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். "எப்டின்னு நீ பாத்துக்க."

இனிச் சேலத்துப் பாய்தான் என்று முடிவு பண்ணினேன். அங்கே போகிற சின்னசேலம் ரோடும் அடைத்துத்தான் கிடந்தது. ஆனால் மலைக்காரர்கள் அந்த ரோட்டை நம்பி இருக்கிறவர்கள் இல்லை. மறுநாள் தலைவரும் மூன்று ஆட்களும் என்னோடு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து புளி ஏற்றிக்கொண்டு உள்ரோட்டிலேயே சேலம் போகிற லாரியில் இடம் பிடித்தோம்.

பாயிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மாரியம்மா என்னை வேணாம்னுட்டாங்களா? எங்க தெரு மாரியம்மாவுக்குக் குழாய் நான்தானேப்பா கட்டினேன். சரி, உக்காரு. எந்த ஊரு? கம்பி எவ்ளோ தூரம்?"

அன்றைக்கு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன். எதிர் மலைக்குச் சத்தம் போக வேண்டும் என்றதும், நான் கேட்ட நாலு சின்னக் குழாய் வேண்டாம், நீளக் குழாய் இரண்டு போதும், இரண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பு என்றார். தேர்ந்தெடுத்த யூனிட்டுகளைக் கழட்டிக் காட்டி, உள்ளே வைக்கிற தகடு இரண்டு கூடுதலாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். திரும்பும்போது குழாய்களைத் துணியில் சுற்றித் தலைச்சுமையாகவே மலை ஏற்றினார்கள். ஒரு கீறல் இல்லை.

குடமுழுக்கு அன்று செட் பேசியது. சங்கு ஊதியதும், கலசத்தில் தண்ணீர் விழுந்ததும், கூட்டம் அழுததும் எல்லாம் குழாயில் போனது. தலைவர் கோயிலைப் பார்க்கவே இல்லை. எதிர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என்ன தெரியும்? மரம்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் அவரோடு நானும் பள்ளத்தில் இறங்கி எதிர் மலை ஏறினேன். அவருடைய அக்கா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நான்தான் கேட்டேன்.

"காதுல விழுந்துதாங்கம்மா?"

"செட்டுக்காரன் நீதானா? விழாம இன்னா! காலையிலேர்ந்து ஒன்னு ரெண்டு மூணு, ஒன்னு ரெண்டு மூணுன்னுக்கினே இருந்தியே, உனக்கு மூணுக்கு மேல தெரியாதா? தண்ணி ஊத்தறப்போ எங்கியோ ஆட்டுக்குட்டி கத்திக்கினு இருந்துது. அதயும் கேட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சத்தம் ஜாஸ்திப்பா. கொஞ்சம் கம்மி பண்ணி வை."

தலைவர் வெளியே போய் நின்றுகொண்டார். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு நான் திரும்ப மலை இறங்கி ஏறிப் போய், சத்தக் குமிழை ஒரு கோடு கம்மி பண்ணி வைத்தேன்.