ஏழுமலையின் கடைசி கேமுக்கு நான் எழுதிய இரண்டு கருத்துகள்

உடம்பு முடியாத ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்து நம்மிடம் காட்டுகிறார். அது சரியாக வரவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏழுமலையைப் பற்றி எழுதித் தரும்படி நம் கேம் குழுவினர் கேட்டபோது முதலில் வந்து நின்றது இதுதான். அவருடைய நல்ல குணங்களைச் சொல்லிவிட்டு இதைத் தவிர்த்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. விழுப்புரத்தில் நான் புள்ளியியல் நடத்தும் கல்லூரியில் இரண்டாவது வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்தேன். திண்டிவனத்திலிருந்து எங்கள் குழுவைச் சேர்ந்த ஸ்டெல்லா அழைத்தார்.

“மேடம், க்ளாஸ்ல இருக்கீங்களா?”

“இல்ல, சொல்லுங்க.”

“ஏழுமலை சார் போயிட்டாரு மேடம். பாண்டி ஆஸ்பத்திரிலியே.”

“எந்த ஏழுமலை?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஏழுமலை அவர் ஒருவர்தான். ஸ்டெல்லா, “நாளைக்கு எடுக்குறாங்களாம். கிளியனூருல. பதினோரு மணிக்கு” என்றார்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். விண்ணப்பம் நிரப்புவது, பிரிண்ட் எடுப்பது, இவைதான் தொழில். என்னைவிட இரண்டு வயது பெரியவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை. அந்த நேரத்தில் நாங்கள் ஆறேழு பேர் அங்கே கூடுவோம். இணையத்தில் ‘ஜாம்’ என்று நடத்துவார்கள். ஒரு தலைப்புத் தருவார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கேம் செய்து ஏற்ற வேண்டும். பிறகு ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப் பார்த்து அதன் கீழே கருத்து எழுத வேண்டும். செய்வதைவிட இந்த இரண்டாவது பாதியில்தான் ஏழுமலைக்கு அக்கறை. “செய்யறது யார் வேணா செய்யலாம் மேடம். ஆடிப் பாத்துச் சொல்றதுக்குத்தான் ஆளு கெடைக்கல” என்பார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செய்த கேமை மற்றவர் ஆடும்போது, செய்தவர் வாய் நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. ஆடுபவர் முடிக்கும்வரை அப்படியே. செய்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் வந்த ஏற்பாடு. முதல் முறை இதைக் கேட்டபோது சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தேன். ஆனாலும் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

என் முதல் கேம் விழுப்புரம் ஜங்ஷனில் நடப்பது. கையில் குழந்தையோடு ஒரு பெண் பிளாட்பாரம் மாறி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை ஏழுமலை ஆடினார். படிக்கட்டு இருக்கும் இடத்தை அவர் மூன்று முறை கடந்து போனார். நான்காவது முறையும் கடந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “அதுதான் சார் படி!” என்றேன். வாயிலிருந்த தண்ணீர் முழுக்க கீபோர்டில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, “மேடம், இத ஆடற ஒவ்வொருத்தன் ஊட்டுக்கும் போயி, பக்கத்துல ஒக்காந்துகினு, அதான்டா படி, அதான்டா படின்னு சொல்லுவீங்களா?” என்றார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை படிக்கட்டு தெளிவாகத்தான் இருக்கிறது என்று எனக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். படிக்கட்டும் சுவரும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

கருத்து எழுதுவதற்கு அவரிடம் இரண்டே கேள்விகள். ஆடும்போது வழி தெரியாமல் கை எங்கே நின்றது? கேமை எப்போது மூடினீர்கள்? இதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்பார். எப்படித் திருத்தலாம் என்று நான் ஒருமுறை யோசனை எழுதியபோது தடுத்தார். “டாக்டரு வேல பாக்காதீங்க மேடம். எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மருந்து அவங்களுக்குத் தெரியும்.” ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லை அவர் கடையில் யாரும் சொல்ல முடியாது. “அது கல்யாண ஊட்டுச் சாப்பாட்டுக்கு. அங்க சொல்லியே ஆவணும். இங்க எதுக்கு?”

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதப் போவதில்லை. ஸ்டெல்லா விஷயத்தில் அவர் தவறு செய்தார். ஸ்டெல்லா பள்ளியில் ஓவிய ஆசிரியை. மண்டகப்பட்டு குகைக் கோயிலை வரைந்து, அதற்குள் நடக்கும்படி ஒரு கேம் செய்திருந்தார். ஏழுமலை எல்லாரும் பார்க்கும்படி அதன் கீழே ஒரே வரி எழுதினார்: “மேலே ஏற வழி இல்லை. நான்காவது நிமிடத்தில் மூடிவிட்டேன்.” ஸ்டெல்லா அடுத்த இரண்டு ஜாமுக்கும் வரவில்லை. நான் ஏழுமலையிடம், உண்மையைச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அதன் பிறகு அவர் தினமும் கடையைத் திறந்ததும் அந்த கேமைத்தான் ஆடியிருக்கிறார். பதினோராவது நாள் அதே பக்கத்தில் இன்னொரு கருத்து வந்தது. “மேலே ஏறும் கயிறு முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. முடிவு வரை ஆடினேன்.” பழைய வரியை அவர் அழிக்கவில்லை. ஏன் என்று ஸ்டெல்லாவே கேட்டார். “அழிச்சிட்டா, நான் எதுக்கு மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன்னு வர்றவனுக்குப் புரியாதே டீச்சர்” என்றார்.

தன்னுடைய கேம்களுக்கு வரும் கருத்துகளை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். “எழுதிக்கிறேன் மேடம்” என்பார். நிஜமாகவே எழுதிக்கொள்வார். எதையும் மாற்ற மாட்டார். அவருடைய கேம்கள் எல்லாமே இருட்டாக இருக்கும். திரையில் எதுவும் தெரியவில்லை என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். அடுத்ததும் இருட்டாகவே வரும். ஒருநாள் ஸ்டெல்லா, “சார், ஒங்க கேமுக்கு மட்டும் கரண்டு கனெக்‌ஷனே குடுக்கலியா?” என்று கேட்டார். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சென்ற வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு நாள் கிளியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். அவர் மனைவி தனலட்சுமி கூடவே போவார். கடையை மூடிவிட்டார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. இளைத்துப் போன அவரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் நான் உடம்பைப் பற்றிக் கேட்டேன், அவர் நான் செய்துகொண்டிருந்த கேமைப் பற்றிக் கேட்டார்.

அந்த நிலையிலும் ஒரு ஜாமில் சேர்ந்தார். தலைப்பு ‘காத்திருத்தல்’. அவர் செய்தது இது: ஒரு மருத்துவமனை நடைபாதை. வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் கையில் டோக்கனோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எண்களைக் கூப்பிடுகிறார்கள். அவர் எண் மட்டும் வருவதில்லை. வழக்கம்போல இருட்டு. இணைப்பை எனக்கு அனுப்பி, “மேடம், ஆடிப் பாத்துட்டு எழுதுங்க” என்று மட்டும் செய்தி போட்டிருந்தார்.

நான் ஆடினேன். எந்த விசையை அழுத்தினாலும் அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எண்கள் வந்துகொண்டே இருந்தன. மூடிவிட்டேன். பிறகு கருத்து எழுதும் கட்டத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த அவர் கை நினைவுக்கு வந்தது. “நன்றாக இருக்கிறது சார். மனதைத் தொட்டது” என்று எழுதினேன்.

அவரிடமிருந்து பதில் வந்தது. “நன்றி மேடம்.” அவ்வளவுதான். எங்கே கை நின்றது என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு முறை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் உயிரோடு இருந்தார். நான் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

புதன்கிழமை ஸ்டெல்லாவும் நானும் கிளியனூர் போனோம். தெரு முழுக்கக் கூட்டம். அவர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தனலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களப் பத்திதான் பேசிக்கினு இருப்பாருங்க” என்றார். உடலை எடுத்த பிறகு பஸ் ஏறினோம்.

அவரிடமிருந்து எனக்கென்று தங்கியது எது என்று யோசிக்கிறேன். மாணவர்களின் செய்முறை ஏடுகளில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பல வருடப் பழக்கம். இப்போது அந்தச் சொல்லுக்கு முன் பேனா ஒரு கணம் தயங்குகிறது. பக்கத்தைத் திருப்பி உண்மையிலேயே படிக்கிறேன். இதனால் வேலை இரண்டு மடங்காகிவிட்டது. இந்தத் தயக்கம் அவர் தந்தது. இதை நான் விடப் போவதில்லை.

கிளியனூர் போய் வந்த மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கிறேன்.

வியாழக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். காலையில் அந்த கேமைத் திரும்பத் திறந்தேன். இந்த முறை ஒவ்வொரு விசையையும் ஒரு தட்டோடு விட்டுவிடாமல் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். மேல் அம்புக்குறியை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் அந்த மனிதர் எழுந்து நிற்கிறார். டோக்கன் கீழே விழுகிறது. நாற்காலியில் வேறொருவர் உட்காருகிறார். நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் வெளியே வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, வரப்பு, நல்ல வெயில். அவர் செய்த அத்தனை கேம்களிலும் வெளிச்சம் இருந்த ஒரே இடம் அது. நான் அங்கே போகாமலே மனதைத் தொட்டது என்று எழுதியிருந்தேன்.

பழைய கருத்துக்குக் கீழே புதிதாக எழுதினேன். “முன்பு எழுதியது உண்மை அல்ல. எழுந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது நிமிடத்தில் கை நின்றது. ஒன்பதாவது நிமிடத்தில் மூடிவிட்டேன். இன்று எழுந்தேன்.”

கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் போனில் ஏழுமலையின் பெயர் வந்தது. எடுக்கச் சற்று நேரம் ஆனது. தனலட்சுமிதான்.

“மேடம், அவரு போன்ல ஒங்க பேரு போட்டு ஒண்ணு வந்துக்கிது. படிச்சேன்.”

“மன்னிச்சிடுங்க. உங்களுக்கு வரும்னு நான் நினைக்கல.”

“அதுக்கு என்னாங்க. மொதல்ல ஒண்ணு எழுதுனீங்களே, அத எனக்குப் படிச்சுக் காட்னாரு.”

“என்ன சொன்னாரு?”

அந்தப் பக்கம் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“‘மேடமும் என்னப் பேஷண்டு ஆக்கிட்டாங்க’ன்னாரு. கோவமா இல்லீங்க. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு.”

தனலட்சுமியே தொடர்ந்தார்.

“என்னையும் ஆடச் சொன்னாரு மேடம். நானும் ஒக்காந்துகினேதான் இருந்தேன். ஒரு வாட்டி எழுந்திரிச்சுத்தான் பாரேன்னாரு. எழுந்தா சீட்டு போயிடும், நம்பரும் போயிடும், நீ சும்மா இருன்னேன். நெஜமாவே எழுந்திருக்கலாமா அதுல?”

“எழுந்திருக்கலாங்க.”

“இருங்க, அவரு லேப்டாப் இங்கதான் கீது. எத அமுக்கணும்?”

சொன்னேன். விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். என்னை அறியாமல் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“எழுந்துட்டாரு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தோ, ஒரு பொம்பள வந்து சீட்டப் புடிச்சிக்கிச்சு பாருங்க” என்றார். பிறகு, “அங்க ஒரு கதவு கீதே, அதுல போவலாமா?”

“போங்க. அதுக்கு அந்தாண்ட...” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லிடாதீங்க மேடம். நானே பாத்துக்கிறேன்” என்று போனை வைத்துவிட்டார். அப்போது காலை பதினோரு மணி இருக்கும்.