மாப்பிள்ளையின் தூசியும் என் காவியும்

எங்கள் மாப்பிள்ளை சித்தையனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரி, அது தூசி. பத்தொன்பது வயதில் கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வந்து மண்டி மொஹல்லாவில் மிளகாய் மூட்டை தூக்கினார். அன்று பிடித்த தும்மல் இன்னும் விடவில்லை. என் மகள் சொர்ணலதாவைப் பெண் பார்க்க வந்தபோது நாற்காலியைத் தோள்துண்டால் மூன்று தரம் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெண்ணைச் சரியாகப் பார்த்தாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? தூசி பிடிக்கிற வேலை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவர் மகள், என் பேத்திதான். அப்பா என்பதற்காக எதையும் பூசி மெழுகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே மாப்பிள்ளை அட்டெண்டர். நிரந்தரம் கிடையாது, வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு வந்த ஜீவிதா, ஹனூர் பக்கத்துத் தமிழ்ப் பெண், கல்லூரி மொட்டை மாடியில் நாய்க்கூண்டு மாதிரி ஒரு பெட்டியை வைத்தாள். உள்ளே மோட்டார் காற்றை இழுக்கும், காற்றில் வருகிற தூசி ஒரு வெள்ளைத் தாளில் படியும். வாரத்துக்கு ஒரு தாள். மாற்றுவது மாப்பிள்ளை பொறுப்பு. கூடவே ஓர் உத்தரவும் போட்டாள். வருஷம் முழுக்க அந்த மாடியைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் அந்தத் தூசியும் தாளில் ஏறிவிடுமாம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று மாப்பிள்ளை எங்கள் வீட்டை நாலு தரம் பெருக்கினார்.

தூசியை வைத்து அந்தப் பெண் என்ன செய்யப்போகிறது என்று கேட்டேன். கடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறதாம். அதற்கு வெயில் உண்டு, தண்ணீர் உண்டு, ஆனால் கரையை விட்டுத் தள்ளிப்போனால் பல இடத்தில் இரும்புச் சத்து மட்டும் போதாதாம். நிலத்திலிருந்து பறந்து போகிற மண்தூசி கடலில் விழுந்து சிட்டிகை இரும்பு கொடுத்தால் பாசி தழைக்கும். பாசியைத் தின்று பூச்சி, பூச்சியைத் தின்று மீன். தசராவை ஒட்டிக் காற்று திரும்பிக் கடலைப் பார்த்து வீசும்போது நம் ஊர் வழியாக எவ்வளவு இரும்பு போகிறது என்று பார்க்கத்தான் பெட்டி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொர்ணலதா பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையைத்தான் கடலுக்குக் காற்று கொண்டுபோய்க் கொடுக்கிறது.

"அப்படின்னா அந்தத் துண்டால இத்தனை வருஷமா எத்தனை மீனைப் பட்டினி போட்டீங்க மாப்பிள்ளை?" என்றேன்.

துண்டை உதறப்போனவர் நிறுத்திவிட்டு மடித்து வைத்தார்.

இரும்பைத் தேடுகிற பெட்டி என்பதால் பக்கத்தில் இரும்பே வரக் கூடாது என்பது அடுத்த உத்தரவு. சனிக்காகப் போட்டிருந்த இரும்பு மோதிரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் மாடிப்படியிலேயே வைத்துவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் பிளாஸ்டிக் இடுக்கியோடு போய்த் தாளை மாற்றுவார். சனி கோபித்தால் ஜீவிதா பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆட்டோவுக்கும் பூஜை, மாவு மிஷினுக்கும் பூஜை. ராவும் பகலும் காற்றை இழுக்கிற பெட்டி மட்டும் பொட்டில்லாமல் நிற்பதா என்று மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. ஜீவிதா ஊருக்குப் போயிருந்தாள். மாடிக்கு அரிவாளைக் கொண்டுபோகவில்லை. தேங்காயைச் சுவரில் அடித்து உடைத்தார். பெட்டிக்குச் சந்தனம் வைத்து, சுற்றிலும் மாக்கோலம் போட்டு, கோலத்தைச் சுற்றிக் காவி கட்டினார்.

காவி நான் கொடுத்தது. எங்கள் மலையடிவாரத்துச் செம்மண்ணை இடித்து வேட்டித் துணியில் சலித்து வைத்திருப்பேன், ஊதினால் பறக்கும். கரைத்துப் போட்டால் மோட்டாரில் தண்ணீர் தெறிக்கும் என்று பொடியாகவே தூவியிருக்கிறார், டப்பா காலியாகும்வரை. அந்த வாரத்துத் தாள் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து வந்தது. பெட்டி பூஜையை ஏற்றுக்கொண்டது என்று எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். ஜீவிதா திரும்புவதற்குள் ஒரு நல்ல மழை பெய்து பொட்டு, கோலம், காவி எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்து ஜீவிதா மைசூர்பாகு வாங்கிவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை வாயில் போட்ட பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். ஒரு வாரத்துத் தாளில் மட்டும் இரும்பு இருபது மடங்காம். எங்கோ பெரிய புழுதிக் காற்று கிளம்பியிருக்க வேண்டும், கொச்சியில் நடக்கிற கூட்டத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் முன்னால் அதைத்தான் சொல்லப் போகிறாளாம். எந்த வாரம் என்று இவர் கேட்டார். ஆயுத பூஜை வாரம் என்றாள். மீதி மைசூர்பாகை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் வேலையை நீட்டிக்க வேண்டும், அதற்குப் பெட்டி வேலையை ஒழுங்காகப் பார்த்தார் என்று ஜீவிதா கையெழுத்துப் போட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொர்ணலதா கெஞ்சினாள். நான் ஒரே பிடியாக நின்றேன். மண் எப்படி இரும்பாகும்? நான் சலித்த மண், எனக்குத் தெரியாதா?

"அத்தை, தோசைக்கல்லை ஈரத்தோட வெச்சா என்னாகும்?"

"துரு ஏறும்."

"அது என்ன நெறமுங்க?"

காவி டப்பாவை எட்டிப் பார்த்தேன், அதே துரு நிறம். தோற்றேன் என்று அர்த்தமில்லை.

"வேலை போனா மூட்டை தூக்கிக்கலாம்," என்றார். "அந்தப் புள்ளை அத்தனை பேர் முன்னால பொய்யி சொல்லி நிக்கும். அதும் பொய்யின்னு தெரியாமயே." தும்மலை வைத்துக்கொண்டு மறுபடியும் மிளகாய் மூட்டைக்குப் போகத் துணிந்துவிட்டார். அதற்கு மேல் கெஞ்சாமல் சொர்ணலதா அவருக்குச் சோறு போட்டாள்.

காலையில் நானும் கூடப் போனேன். காவி என்னுடையது, அவரை மட்டும் அனுப்புவது நியாயமில்லை. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஜீவிதா ஒரு சிட்டிகையை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தாள். அதே சிவப்பு.

"அண்ணா, இரும்பு ஆகாதுன்னு அத்தனை தரம் சொன்னேனே."

"இரும்பு ஆகாதுன்னீங்க. மண்ணு ஆகாதுன்னு சொல்லலையேம்மா."

அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளென்று நான் பக்கத்தில் போனேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொச்சிக்குப் போன பிறகு இது தெரிந்திருந்தால் நிஜமாகவே அழுதிருப்பேன் என்றாள். அந்த ஒரு தாளைத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு கொச்சிக்குப் போனாள். இருபது மடங்கு இல்லாவிட்டாலும் சொல்வதற்கு விஷயம் இருந்ததாம்.

போகும் முன்பே கையெழுத்தும் போட்டாள். ஆனால் மாடிக் கதவில் ஒரு காகிதத்தையும் ஒட்டிவிட்டாள். என் பேத்தி படித்துக் காட்டினாள். இரும்பு, சாவி, மோதிரம், மண், காவி, குங்குமம், திருநீறு ஆகியவை மேலே வரக் கூடாது. கடைசி வரி: சித்தையன் அண்ணாவின் அத்தையும்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை மாடிக்கதவுக்கு வெளியே நின்றே பெட்டியைக் கும்பிட்டார். நான் என் வாசலில் கோலம் போட்டேன், வழக்கத்தைவிட அகலமாகவே காவி கட்டினேன். என் வாசல், என் மண், யார் கேட்பது? கேட்டது மாப்பிள்ளைதான். இரண்டு தெருதானே தள்ளி, பெட்டிக்குப் பறந்து போய்விடுமாம். காலையும் மாலையும் சொம்போடு வந்து என் காவிமேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார், கோலமெல்லாம் கரைந்து வாசலே சேறாகிவிட்டது.

மீன் வாயில் போகிற சிட்டிகையைத் தடுக்கிறீர்களே என்று கேட்டேன். மீனுக்குப் போகட்டும் அத்தை, பெட்டியைத் தாண்டிப் போகட்டும் என்று சொல்லிவிட்டு, கல்லூரிக்கு முதுகைக் காட்டி நின்று கால்மிதியை எடுத்து நன்றாக உதறினார்.